இத்தா அறைச் சுவரில் ஒரு வெடிப்பு

எங்கள் ராத்தா, என் கூடப்பிறந்த அக்கா, இத்தா இருந்த நாலு மாதமும் பத்து நாளும் நான் ஒழுங்காக ஒரு கதிரையில் இருந்ததாக ஞாபகம் இல்லை. உப்பளத்தில் நின்றால் வீட்டு யோசனை. வீட்டுக்கு வந்தால் ஹோலுக்கும் விறாந்தைக்கும் நடை. தேத்தண்ணியை வைத்தால் அது ஆறிப் போய்க் கிடக்கும். "இத்தா இருக்கிறது மதினியா, நீங்களா எண்டு தெரியல்ல, அவ ஒரு இடத்தில அமைதியா இருக்கிறா" என்று என் மனைவி சொன்னாள். ராத்தாவும் அமைதியாக இல்லை என்பது அவளுக்கும் தெரியும். சும்மா என்னை அடக்கத்தான் அப்படிச் சொன்னாள்.

புருஷன் மௌத்தாகிவிட்டால் எங்கள் பெண்கள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருப்பார்கள், அதுதான் இத்தா. அலங்காரம் இல்லை, வாசனை இல்லை, அந்நிய ஆண்களின் பார்வையில் படுவதில்லை. ராத்தாவின் புருஷன், என் மச்சான், மௌத்தானது மன்னார்ப் பக்கத்தில், எங்கள் பழைய ஊரில். தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது நாங்கள் எல்லோரும் ஒரே நாளில் அங்கிருந்து வெளிக்கிட்டுப் புத்தளம் வந்தவர்கள். சண்டை முடிந்து, திரும்பிப் போய்க் குடியேறலாம் என்ற கதை வந்தபோது, புத்தளத்துத் தில்லையடியில் எங்கள் விறாந்தையில் இருந்துதான் அதைப் பேசினோம். மச்சானுக்கு அப்போதே சீனி வருத்தத்தால் பார்வை மங்கத் தொடங்கியிருந்தது. முழுதாகப் போவதற்கு முதல் ஊரைப் பார்த்துவிட வேண்டும் என்றார். "நீங்க முன்னால போங்க மச்சான், நான் பின்னால வாறன்" என்று சொன்னவன் நான்தான்.

அவர் போனார். நான் போகவில்லை. மகளின் கலியாணம் வந்தது. உப்பளத்தில் நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று ஒரு கதை வந்தது. இப்படியே மூன்று வருடம் ஓடிவிட்டது. ஒரு நாள் காலையில் ஊரிலிருந்து போன் வந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஜனாஸாவைக் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள்.

தகரம் அடித்த வீடு. சுற்றிவரப் பற்றைக் காடு. யானை வரும். பக்கத்து வீடு கூப்பிடு தூரத்தில் இல்லை. ராத்தாவுக்குப் பிள்ளைகளும் இல்லை. தனியே அங்கே இருப்பது பயம் என்றால் தம்பி வீட்டில் போய் இத்தா இருக்கலாம், தடையில்லை என்று மௌலவி சொன்னார். மூன்றாம் நாள் ஒரு வேனில் முகம் மூடிக் கூட்டிக்கொண்டு வந்தோம்.

எங்கள் வீடு பெரிய வீடு இல்லை. கல்லால் கட்டின ஒரு அறை, ஹோல், விறாந்தை, பின்னால் குசினி. எங்கள் ஆக்களில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பதுதான் வழக்கம். அதனால் கலியாணத்தோடு கல் அறை மகளுக்கும் மருமகனுக்கும் போய்விட்டது. எனக்கும் மனைவிக்கும் என்று ஹோலின் ஒரு பக்கத்தை ஜிப்சம் போட் அடித்து மறைத்து ஒரு அறை எடுத்தோம். இரண்டே நாளில் அடித்துக் கொடுத்த மேஸ்திரி பாஸ் அடுத்த கிழமை வெளிநாடு போய்விட்டார். அந்த அறையைத்தான் ராத்தாவுக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் விறாந்தைக்கு மாறினோம்.

அந்தச் சுவரில் இரண்டு போட் சேருகிற இடத்தில், மேலிருந்து கீழே ஒரு வெடிப்பு இருந்தது. முதலில் தலைமயிர் அளவுதான். யாரும் பொருட்படுத்தவில்லை. கச்சான் காற்று தொடங்கினால் எங்கள் முன்கதவு படார் என்று அடிக்கும். அடிக்க அடிக்க, வெடிப்பு நெல்லின் அகலத்துக்கு வந்துவிட்டது. சுவரின் இரண்டு பக்கமும் ஒரே நேரில் போட்டைச் சேர்த்திருந்ததால், ஹோலில் லைட் போட்டால் அறைக்குள் ஒரு நூல் வெளிச்சம் விழும். நாங்கள் அங்கே படுத்த காலத்தில் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம்.

ராத்தா வந்து ஒன்றரை மாதம் போல இருக்கும். என் மனைவி குசினியில் பாண் வெட்டிக்கொண்டே என்னிடம் சொன்னாள், மதினி ஓதுகிற சத்தம் ஒரு நாளும் கேட்கவில்லையே, கவனித்தீர்களா என்று. குர்ஆன் முஸ்ஹபைத் திறந்து வைத்திருக்கிறாவாம். வாய் மட்டும் அசைகிறதாம். அதற்குப் பிறகு மூடி வைத்துவிட்டு அழுகிறாவாம்.

எங்கள் ராத்தாவின் ஓதல் எங்கள் குடும்பத்தில் பேர் போனது. நான் உள்ளே போய் அவவின் கட்டில் ஓரத்தில் இருந்தேன். கேட்டேன். ராத்தா சுவரைக் காட்டினா.

"அந்தச் சுவரில ஒரு கண் இருக்கு தம்பி."

மருமகன் அவவுக்கு அந்நிய ஆண். அந்தப் பிள்ளை பாவம், ஹோலில் இருந்து டீவி பார்க்கும், போன் பேசும், சாப்பிடும். அவன் ஒரு நாளும் அந்தப் பக்கம் திரும்பியதில்லை என்று நான் சத்தியம் பண்ணுவேன். ராத்தாவும் அவனைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த நூல் வெளிச்சம் அவ தொழுகிற முஸல்லாப் பாயில் விழுகிறது. அதற்கு ஊடாகக் குரல் போகும்தானே, போனால் அவன் காதில் விழும்தானே என்று சொன்னா.

மெதுவாக ஓதினால் போதாதா என்று நான் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அவருக்குக் கண் போன நாளில இருந்து விடிய ஸுபஹுத் தொழுகைக்குப் பிறகு யாசீன் சூராவை நான்தான் சத்தமா ஓதிக் காட்டுறது. ஒரு எழுத்துப் பிழைச்சாத் திருத்துவார். வாய்க்குள்ள ஓதினா அவருக்கு எப்படிடா கேக்கும்?"

எழும்பி வந்துவிட்டேன். அந்த வெடிப்பை அடைக்காமல் எனக்கு இனிச் சாப்பாடு இறங்காது என்று தெரிந்துவிட்டது. முன்னால் போகச் சொல்லி அனுப்பியவன் நான். திரும்பி வந்த ராத்தாவுக்கு ஓத ஒரு மூடின அறை கூடக் கொடுக்க முடியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு கடைக்குப் போய்ப் பட்டிப் பவுடர் ஒரு பாக்கெட் வாங்கினேன். சுவரில் ஓட்டை அடைக்கிற அதே வெள்ளைத் தூள். ஒரு பிளாஸ்டிக் கோப்பையில் கிணற்றுத் தண்ணீர் விட்டுக் குழைத்தேன். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சவர். குளிக்கவும் கழுவவும் மட்டும்தான். குடிக்கிற தண்ணீரைப் பள்ளியடியில் கேனில் பிடித்து, சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு வருவோம். அதில் ஒரு கோப்பை எடுத்துச் சுவருக்குக் கொட்டுவது என்பது தில்லையடியில் யாருக்கும் புத்தியில் வராது. வீண்விரயத்துக்கு மறுமையில் கேள்வி உண்டு.

குழைத்தது கோப்பைக்குள்ளேயே இறுகத் தொடங்கியது. பாதிச் சுவர் முடியும் முன் கல்லாகிவிட்டது. இன்னொரு தரம் குழைத்தேன். அதுவும் அப்படித்தான். எப்படியோ இரண்டு பக்கமும் அப்பி, தகட்டால் இழுத்து மட்டமாக்கினேன். பொழுது பட்டு, மஃரிபுக்குப் பிறகு ஹோல் லைட்டைப் போட்டுப் பார்த்தால் அறைக்குள் வெளிச்சம் விழவில்லை. சிறுபிள்ளை மாதிரி எனக்குச் சந்தோஷம்.

மூன்று நாள். அந்த மூன்று நாளும் ராத்தா ஓதவில்லை. காயட்டும் என்றா. மூன்றாம் நாள் அடைத்த இடம் முழுக்க வெள்ளையாகப் பூத்துப் பொருபொரு என்று உதிரத் தொடங்கியது. நாலாம் நாள் காற்றுக்குக் கதவு ஒரு அடி அடித்தது. வெடிப்பு பழைய இடத்திலேயே நேர்கோடாகத் திறந்தது. நான் உப்பளத்திலிருந்து வந்து பார்த்தபோது முஸல்லா விரிக்கிற இடத்தில் நூல் விழுந்திருந்தது. ராத்தா முஸல்லாவை மற்றப் பக்கம் தள்ளிப் போட்டிருந்தா. தொழுகிற திசையான கிப்லாவுக்கு நேராக இல்லாமல், ஓரமாகச் சுருட்டின மாதிரி.

நோன்புக்கு முதல் ஹோலுக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும் என்று மகள் இளம் பச்சையில் ஒரு வாளி வாங்கி வைத்திருந்தாள். வாப்பா, பெயின்ட் அடித்தால் எல்லாம் மறைந்துவிடும் என்றாள். மருமகன் தன் பங்குக்குப் பள்ளியில் கொடுத்த தொழுகை நேரக் கலண்டரைக் கொண்டுவந்து வெடிப்பின் மேல் மாட்டினான். நல்ல மனசோடு செய்ததுதான். ஆனால் காற்று வந்தால் கலண்டர் எழும்பி எழும்பி அடிக்கும். ஒரு கண் இருந்த இடத்தில் இப்போது இமையும் வந்திருக்கிறது என்று ராத்தா என் மனைவியிடம் சொன்னாவாம்.

அந்த நேரம் எங்கள் உப்பளக் கந்தோர்க் கட்டிடத்தில் சீலிங் வேலை நடந்துகொண்டிருந்தது. செய்தவர் உடப்பு ஊரைச் சேர்ந்த ஒரு தமிழ் பாஸ். நாற்பது வயது இருக்கும். ஏணியில் நின்றபடியே பாக்குப் போடுவார், ஒரு துளி கீழே விழாது. நான் மத்தியானம் அவருக்குப் பக்கத்தில் போய் நின்று விஷயத்தைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வாறன் நானா என்றார். நானா என்றால் எங்களில் அண்ணன்.

வந்தார். கலண்டரைக் கழற்றிக் கதிரையில் வைத்தார். விரலை மடக்கிச் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். சில இடத்தில் டொக் டொக் என்றது. வெடிப்புக்கு வந்ததும் டம் டம் என்று வெறும் சத்தம்.

"இதுக்குள்ள மரச் சட்டமே இல்ல நானா. ரெண்டு போட்டும் கையப் புடிக்காம, தோள மட்டும் தொட்டுக்கிட்டு நிக்குது. யாராவது தும்மினா விலகிடும். இதுக்கு மேல நீங்க எதை அப்பினாலும் நிக்காது."

பிறகு நான் அப்பினதை நகத்தால் சுரண்டி, நாக்கு நுனியில் வைத்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் நாக்கில் வைத்தார்.

"எந்தத் தண்ணியில குழைச்சீங்க?"

"கிணத்துத் தண்ணி."

"உப்பளத்தில எத்தனை வருஷம் வேலை செய்யிறீங்க?"

"பத்தொன்பது."

"பத்தொன்பது வருஷம் உப்பு அள்ளினது போதாதெண்டு வீட்டுச் சுவரிலயும் உப்பு விளைய வச்சிருக்கீங்க" என்றார். குசினியிலிருந்து என் மனைவியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அது ஒரு கிழமைக்கு அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

உப்புத் தண்ணீர் பட்டால் பட்டி அவசரப்பட்டு இறுகும், உள்ளே பிடிமானம் இருக்காது, பிறகு ஈரத்தை இழுத்துப் பூக்கும் என்று அவர் விளங்கப்படுத்தினார். வேலையைப் பற்றியும் சொன்னார். ஹோல் பக்கம் வெடிப்பின் இரு கரையிலும் நாலு விரல் அகலத்துக்குப் போட்டை மேலிருந்து கீழே வெட்டி எடுக்க வேண்டும். அந்த வாய்க்குள் ஒரு சட்டத்தை நிமிர்த்தி வைக்க வேண்டும். பிறகு உள்பக்கம் இருக்கிற இரண்டு போட்டின் கரையையும் அறைக்குள் நின்று அந்தச் சட்டத்தில் ஸ்க்ரூ பண்ண வேண்டும்.

அறைக்குள் நின்று என்றதும் நான் கையைக் காட்டி நிறுத்தினேன். பிறகு சொன்னேன். உள்ளே ராத்தா இத்தா இருக்கிறா, நீங்க போக முடியாது என்று.

ஒரு மணித்தியாலம் அவவை மகளின் அறையில் இருக்கச் சொல்லலாமே என்று என் மனைவி சொன்னாள். நான் போய்க் கேட்டேன். மௌலவி வீட்டுக்குள்ளே நடமாடலாம் என்றுதான் சொல்லியிருக்கிறார் என்றும் ஞாபகப்படுத்தினேன். ராத்தா அசையவில்லை. இந்த அறையில் மனசால் நிய்யத் வைத்து இருந்தேன், இதிலிருந்துதான் எழும்புவேன், அவரின் உடுப்பெல்லாம் இங்கேதான் இருக்கிறது, ஒரு அந்நியர் அதுக்குள் கால் வைக்க வேண்டாம் என்றா. அந்தக் குரலை எனக்குச் சிறு வயதிலிருந்து தெரியும். அதற்கு மேல் கதை இல்லை.

வெளியே வந்து பாஸிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் ஒன்றும் பெரிதாக எடுக்கவில்லை. எங்கட வீட்டிலயும் துடக்கு, விரதம் எண்டு ஆயிரம் இருக்கு நானா, பொம்பிளைகள் ஒண்டு நினைச்சா நினைச்சதுதான் என்றார். நான் இந்தப் பக்கம், நீங்க அந்தப் பக்கம், சுவருக்கு நடுவில கதைச்சுக் கதைச்சுச் செய்வம் என்றார்.

அப்படியே செய்தோம். அறையின் மற்ற மூலையில் கயிறு கட்டி, ஒரு படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டு, ராத்தா அதற்குப் பின்னால் போய் இருந்தா. நான் ஸ்க்ரூ டிரைவரோடு சுவருக்கு முன்னால் நின்றேன். நான் ஜென்மத்தில் சுவரில் ஒரு ஆணி நேராக அடித்தவன் இல்லை. வெளியே போட்டை வெட்டுகிற சத்தம் கேட்டது. வெள்ளைத் தூசி வெடிப்பின் ஊடாகப் புகைந்து வந்தது. பிறகு சட்டத்தை நிமிர்த்துகிற சத்தம், மேலும் கீழும் ஆணி இறங்குகிற சத்தம்.

"இப்ப நான் தட்டுறது கேக்குதா நானா? அதுக்கு நேரே வையுங்க. வெடிப்பில வைக்காதீங்க, அரை விரல் தள்ளி. ஸ்க்ரூவின் தலை போட்டுக்கு மேல இருக்கிற கடதாசியைக் கிழிக்கக் கூடாது. கன்னத்தில குழி விழுற மாதிரி, அவ்வளவுதான்."

முதல் ஸ்க்ரூ கடதாசியைக் கிழித்துக்கொண்டு போனது. இரண்டாவதும். மூன்றாவதைத் திருப்பும்போது விரிப்புக்குப் பின்னாலிருந்து ராத்தா குசுகுசுத்தா, சரிஞ்சு போகுது தம்பி, சத்தம் வேற மாதிரி இருக்கு என்று. கழற்றிப் பார்த்தேன். உண்மை. சட்டத்தில் பிடிக்காமல் ஓரமாகப் போயிருந்தது. கண் தெரியாத மனுஷனோடு வருடக் கணக்கில் இருந்தவ. எல்லாவற்றையும் சத்தத்தில் பழகியிருக்கிறா. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் விரிப்புக்குப் பின்னால் கட்டில் சட்டத்தில் ஒரு தட்டு விழும். ஒரு தட்டு என்றால் சரி. இரண்டு தட்டு என்றால் கழற்று.

வெளியிலிருந்து பாஸ் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

"உள்ளுக்கு என்னை விட நல்ல பாஸ் ஒராள் இருக்கிறாங்க போல."

விரிப்புக்குப் பின்னால் மூச்சு ஒன்று தடுமாறியது. சிரிப்பா, என்னவா என்று எனக்குத் தெரியாது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

சட்டம் பிடித்த பிறகு, வெட்டின வாயை ஹோல் பக்கம் புதுத் துண்டு போட்டு மூடினார். அதற்குப் பிறகு அவர் சொன்னது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. உள்பக்க வெடிப்பில் என் பழைய பட்டியை முழுக்கச் சுரண்டி எடுத்து, கத்தியால் இன்னும் அகலமாகக் கீறச் சொன்னார். அடைக்க வந்தவனுக்குப் பெரிதாக்கு என்றால் எப்படி இருக்கும். உள்ளே பட்டி போய் இருக்க இடம் வேண்டும், மேலால் தடவினால் அது வெறும் பவுடர் பூச்சு என்றார். கீறினேன். பின்னால் இருந்து ஒரு தட்டு.

பட்டி குழைக்க நல்ல தண்ணீர் கேட்டார். வீட்டுக் கேனில் அன்றைக்கு அடியில் கொஞ்சம்தான் கிடந்தது. மனைவி கேனைச் சரித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போது விரிப்பின் கீழால் ராத்தாவின் கூஜா மெதுவாக வெளியே தள்ளிக்கொண்டு வந்தது. அவவுக்கென்று காலையில் நிரப்பி வைக்கிற கூஜா. நான் வேண்டாம் என்றேன். கூஜா இன்னும் ஒரு சாண் முன்னால் வந்தது.

அந்தத் தண்ணீரில் குழைத்தது கோப்பையில் தயிர் மாதிரி மெத்தென்று இருந்தது, அவசரப்படவில்லை. உள்ளே கீறின வாயில் நானும் ஹோல் பக்கத் துண்டின் ஓரங்களில் அவரும் பட்டியை அழுத்தி, அதற்கு மேல் வலை மாதிரியான டேப்பை மேலிருந்து கீழே ஒட்டி, அதற்கு மேல் மெல்லிதாக ஒரு பூச்சு. இன்றைக்கு இவ்வளவுதான், நாளைக்கு இதை விட அகலமாக ஒன்று, மறுநாள் இன்னும் அகலமாக ஒன்று என்று சொல்லிவிட்டுப் பாஸ் கையைக் கழுவினார். காயும் வரை கையை வைக்க வேண்டாம் என்று என்னை மட்டும் பார்த்துச் சொன்னார்.

நான் வைத்தேன். அஸர் தொழுதுவிட்டு வந்து வைத்தேன், மஃரிபுக்கு முதல் வைத்தேன். ஹோல் பக்கப் பூச்சில் என் பெருவிரல் அடையாளம் நன்றாகப் பதிந்துவிட்டது. இரண்டாம் பூச்சில் அது மறையும் என்று நினைத்தேன். மூன்றாம் பூச்சுக்குப் பிறகும் குனிந்து பார்த்தால் ஒரு பள்ளம் தெரிந்தது. அந்த மூன்று நாளும் நான் உப்பளத்தில் வேலை செய்தேன் என்று சம்பளப் பதிவு சொல்லும். என் புத்தி முழுக்க இந்தச் சுவரில்தான் இருந்தது. காற்று எழும்பினால் முன்கதவைப் பிடிக்க வீட்டில் ஆள் இருக்குமா என்று யோசிப்பேன். கடைசியில் மருமகன் கதவின் காலில் ஒரு பழைய செருப்பைக் கொடுத்து வைத்தான். அவனுடைய கலண்டரை விட அது நல்ல யோசனை.

கடைசி நாள் பாஸ் வந்து, ஈரப் பஞ்சால் தேய்த்து மட்டமாக்குவது எப்படி என்று காட்டினார். சாண்ட் பேப்பர் போட்டால் தூசி பறந்து உள்ளே இருக்கிறவவுக்கு இருமல் வரும் என்று அவரே சொன்னார். மறுநாள் மகளும் மருமகனும் இளம் பச்சையை அடித்து முடித்தார்கள். மஃரிபுக்குப் பிறகு ஹோல் லைட்டைப் போட்டுவிட்டு, அறை லைட்டை அணைத்து, நானும் ராத்தாவும் உள்ளே நின்று பார்த்தோம். மேலிருந்து கீழே நல்ல இருட்டு. ராத்தா உள்ளங்கையால் சுவரை மேலிருந்து தடவிக்கொண்டு வந்தா. குனிந்து, தரை வரை தடவினா.

"கண் மூடிட்டுது" என்றா. முஸல்லாவைக் கிப்லாவுக்கு நேராக விரித்தா.

அடுத்த நாள் ஸுபஹுக்குப் பள்ளிக்குப் போய், துஆ முடியும் முன்னமே வீட்டுக்கு வந்துவிட்டேன். ஹோலில் கால் வைத்தேன். குரல் வந்தது.

யாசீன். ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக. நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, வாசலில் நின்றாலும் கேட்கும். சட்டம், டேப், மூன்று பூச்சு, பெயின்ட் எல்லாவற்றையும் தாண்டி, ஒன்றுமே இல்லாத மாதிரிக் கேட்டது. வெளிச்சத்தைத்தான் நாங்கள் அடைத்திருக்கிறோம். குரல் வெடிப்பால் போய்க்கொண்டிருக்கவில்லை. அது எப்போதும் அந்த மெல்லிய போட்டால்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

மருமகன் கதிரையில் தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்தான். தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் மெதுவாக, மாமி நல்லா ஓதுறாங்க மாமா என்றான்.

நான் அவனுடைய கையைப் பிடித்து எழுப்பி, கோப்பையோடேயே வெளியே கூட்டிக்கொண்டு போனேன். களப்புத் தண்ணீரின் கரை வரை நடந்தோம். அங்கே வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கோப்பையில் மிச்சம் இருந்ததைக் குடித்துவிட்டு, போட் சுவரில் சத்தம் எப்படி நிற்கும் மாமா, எனக்கு முதலே தெரியும், நீங்க பட்ட பாட்டைப் பார்த்துச் சொல்ல மனசு வரவில்லை என்றான்.

திரும்பி வந்தபோது ராத்தா என்னைக் கூப்பிட்டா. முகம் வேறு மாதிரி இருந்தது, கழுவின மாதிரி. எதிர்பார்த்த கேள்வியைத்தான் கேட்டா.

"வெளிய கேக்குதாடா?"

நான் பெரிய தொழுகையாளி என்று சொல்ல மாட்டேன். ஆனால் பொய் சொல்வது எனக்கு எப்போதும் தொண்டையில் முள். அதுவும் முஸ்ஹப் திறந்திருக்கிற இடத்தில். கேட்கிறது என்று சொன்னால் நாளையிலிருந்து வாய் மட்டும்தான் அசையும்.

"பொறத்தி ஆம்பிளை ஒருத்தருக்கும் கேக்காது ராத்தா. இன்ஷா அல்லாஹ்."

அவ என் முகத்தை உற்றுப் பார்த்தா. சரி என்றா.

சொன்னதை உண்மையாக்குவது இனி என் பொறுப்பு. மறுநாள் ஸுபஹுக்கு மருமகனை எழுப்பினேன். அவன் தூக்கத்தில் பெரிய ஆள், கலியாணத்துக்குப் பிறகு ஸுபஹுக்குப் பள்ளிப் பக்கம் கண்டவர்கள் குறைவு. வீட்டில் தொழுதுவிட்டுப் படுப்பான். "இன்னும் எத்தனை நாள் மாமா?" என்று கண்ணை மூடிக்கொண்டே கேட்டான். ஐம்பத்தெட்டு என்றேன். அவன் பெருமூச்சு விட்டுக்கொண்டு எழும்பினான். பள்ளியில் தொழுவோம். பிறகு களப்பங்கரையில் ஒரு நடை. பிறகு பேக்கரியில் பாண் இறங்கும் வரை நிற்போம். சூடான பாணோடு வீட்டுக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். நோன்பு வந்த பிறகு பாணும் இல்லை, சும்மா நடை. ஒரு நாள் மழை பிடித்து, பூட்டின கடை ஒன்றின் தாழ்வாரத்தில் இரண்டு பேரும் நனைந்துகொண்டு நின்றோம். இப்போது எந்த இடத்தில் ஓதுவாங்க மாமா என்று அவன் கேட்டான். எனக்கும் தெரியவில்லை. நான் தங்கியிருந்தால் யாரும் குற்றம் சொல்லப் போவதில்லை, நான் கூடப் பிறந்தவன். ஆனால் என்னை விட்டுவிட்டு அவன் மட்டும் மழையில் நிற்பது நியாயமாகப் படவில்லை. அந்த முதல் நாளைத் தவிர ராத்தாவின் யாசீனை நான் கேட்கவே இல்லை. மனைவியிடம் கேட்பேன், இன்றைக்கு ஓதினாவா என்று. ஓதினா என்பாள். சத்தமாகவா என்பேன். ஓம், குசினி வரைக்கும் என்பாள்.

நோன்புப் பெருநாள் முடிந்து சில நாளில் இத்தாவும் முடிந்தது. ராத்தா குளித்து, வெள்ளைச் சேலை மாற்றி, அறைக் கதவைத் திறந்து ஹோலுக்கு வந்தா. சுவரின் அந்தப் பக்கத்தை நின்று ஆறுதலாகப் பார்ப்பது அன்றைக்குத்தான் முதல் தடவை. பச்சை நல்லாயிருக்கு என்றா. வெடிப்பு இருந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. கையால் தடவித் தேடி, என் பெருவிரல் பள்ளத்தில் விரலை வைத்து நிறுத்தினா.

"இது நீதானே?"

ஓம் என்றேன். சனிக்கிழமை ஊருக்குப் போகப் போவதாகச் சொன்னா. அவரை அடக்கின கபுறடிக்குப் போக வேண்டும், வீட்டைப் பார்க்க வேண்டும், பிறகு என்ன என்று பிறகு பார்ப்போம் என்றா. நான் வாயைத் திறக்க முன்னமே கையை உயர்த்தித் தடுத்தா. பின்னால வாறன் எண்டு மட்டும் சொல்லாதே என்றா. நானும் அதே பஸ்ஸில்தான் வருகிறேன், லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று சொன்னேன்.

அதற்குப் பிறகும் எனக்கு மனசு நிற்கவில்லை. ஐம்பத்தெட்டு நாள் தொண்டையில் வைத்திருந்ததைச் சொல்லிவிட நினைத்தேன். ராத்தா, அந்தச் சுவர் இருக்கே என்று தொடங்கினேன்.

"தெரியும்டா" என்றா. விரலை இன்னும் பள்ளத்திலிருந்து எடுக்கவில்லை. "உனக்கு ஒரு செருப்பு, மருமகனுக்கு ஒரு செருப்பு. ரெண்டு சோடியும் வாசலைத் தாண்டிப் போற சத்தம் உள்ளுக்குக் கேட்ட பிறகுதான் நான் முஸ்ஹபைத் திறக்கிறது."